ரெட்டா ஹாவ்லிக்கின் வானம்

ஹாஸ்கின் கல்லூரிக்கு வெளி மாநிலங்களிலிருந்து படிக்க வந்த பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு தங்கள் ஊர் வானத்தையும் கூடவே கொண்டு வந்தார்கள். ஒரு வைக்கோல் வண்டியின் அகலத்துக்கு அது அவரவர் தலைக்கு மேலே இருந்தது. அவர்கள் நடந்தால் நடந்தது, நின்றால் நின்றது. அரிசோனாவிலிருந்து வந்த பையன் ஒருவன் ஜனவரி மாதம் முழங்கால் பனிக்கு நடுவே வெயிலோடு வருவான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் இடம் பிடிக்க ஆட்கள் ஓடுவார்கள். வாஷிங்டன் கடலோரத்து இரட்டையர்களைத் தூறல் விட்டதே இல்லை. கோடையில் தோட்டம் போட்டவர்கள் அவர்களைத் தக்காளிச் செடிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்காரவைத்து, படிக்கச் சொல்லி, மாலையில் கேக் கொடுத்து அனுப்பினார்கள். புளோரிடாவிலிருந்து வந்த பெண் ஒரு செப்டம்பரில் அஞ்சல்தலை வாங்கப் போனபோது தபால் நிலையத்தின் கூரை பறந்து போய்விட்டது. அவள் மன்னிப்புக் கேட்டாள். கூரை எப்படியும் பழையதுதான் என்றார் தபால்காரர்.

இதனால் ஹாஸ்கின் கல்லூரிக்கு ஒரு பெரிய தலைவலி தீர்ந்தது. நெப்ராஸ்கா மாநிலத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் ஒரு பங்கு என்றால் வெளியாட்களுக்கு மூன்று பங்கு. மாநிலத்து ஆளாக வேண்டுமானால் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும், இனி இங்கேதான் என்ற எண்ணமும் இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தை நாள்காட்டி சொல்லிவிடும். எண்ணத்தை யார் பார்ப்பது? மற்ற ஊர்க் கல்லூரிகளில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டு, வாடகைச் சீட்டைக் காட்டு, வரி எங்கே கட்டினாய் என்று பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தினார்கள். ஹாஸ்கினில் இருப்பிட அதிகாரி ஓப்பல் ஸ்டென்ஸ்ரூட் ஒரு கையில் குடையும் மறு கையில் கறுப்புக் கண்ணாடியுமாக வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார், அவ்வளவுதான். எண்ணம் உண்மையாக இருந்தால் பன்னிரண்டு மாதம் ஆனதும் வந்த வானம் கழன்று, ஊர் வானம் வந்து மூடிக்கொள்ளும். மனதுக்குள் சொந்த ஊருக்கே திரும்ப நினைப்பவர்கள் நான்கு வருடம் ஆனாலும் சொந்த ஊர் மழையில்தான் நனைந்தார்கள். லூசியானாக்காரி ஒருத்தி இரண்டாம் வருடத்தில் இந்த ஊர்ப் பையன் ஒருவனைக் காதலித்தாள், ஒரே வாரத்தில் அவள் தலைமேல் இருந்த புழுக்கம் போய்விட்டது. மார்ச்சில் இருவருக்கும் சண்டை, புழுக்கம் திரும்பி வந்தது, ஓப்பல் கட்டணத்தை மாற்றி எழுதினார். ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு. சிகாகோ வங்கிக்காரர் ஒருவர், மகன் மேல் ஊர் மழை பெய்வதுபோலக் காட்ட, கூரையில் ஓர் ஆளைத் தண்ணீர்க் குழாயோடு ஏற்றிவிட்டிருந்தார். ஓப்பல் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, குளோரின் என்று சொல்லி உள்ளே போனார்.

ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை கல்லூரிப் படிக்கட்டில் வானம் பார்க்கும் நாள். அது எங்களுக்குத் திருவிழா மாதிரி. எலுமிச்சைச் சாறு விற்பார்கள், கசகசா வைத்த கோலாச்சி என்ற இனிப்பு ரொட்டி விற்பார்கள், யாருக்கு வானம் மாறும் என்று பந்தயம் கட்டுவார்கள்.

ரெட்டா ஹாவ்லிக் இந்த ஊருக்குத் தங்க வந்தது ஒரு ஜூலைக் கடைசியில். அவள் அப்பா மிலோ ஹாவ்லிக் கூலிக்குக் கோதுமை அறுப்பவர். மே மாதம் டெக்சாஸில் தொடங்கி, கோதுமை பழுக்கப் பழுக்க வடக்கே ஏறி, ஓக்லஹோமா, கான்சாஸ், நெப்ராஸ்கா என்று ஆகஸ்டில் மொன்டானாவைத் தொட்டு, இலையுதிர் காலத்தில் சோளம் அறுத்துக்கொண்டே இறங்கி, குளிர்காலத்தில் மறுபடி டெக்சாஸில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற குடும்பம். மிலோவும் கோரினும் கல்யாணம் ஆன நாளிலிருந்து சக்கர வீட்டில்தான் இருந்தார்கள். ரெட்டா பிறந்ததே கான்சாஸ் எல்லையில், எந்தப் பக்கம் என்று அம்மாவுக்கே நிச்சயமில்லை. பதினெட்டு வயது வரைக்கும் எந்த மாநிலத்திலும் அவள் ஒரு வருடம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. அதனால் எந்த மாநிலத்துக் கல்லூரியிலும் அவள் வெளியாள்தான், மூன்று பங்குதான். அவளுக்கு நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்க ஆசை. போகிற இடமெல்லாம் விவசாயிகள் கிணறு இறங்கிவிட்டது என்ற ஒரே கதையைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவள், அந்தத் தண்ணீர் எங்கேதான் போகிறது என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்றாள். மூன்று பங்கு கட்ட மிலோவிடம் வழியில்லை. ஒரு பங்கு என்றால் அவளே வேலை பார்த்துக் கட்டிவிடுவாள். ஆகவே ஹாஸ்கினைச் சுற்றி அறுத்து முடித்து இயந்திரங்கள் வடக்கே கிளம்பிய அன்று, லாரி ஓட்ட வேண்டிய ரெட்டா ஒரு பெட்டியோடு கீழே இறங்கிவிட்டாள். ஒரு வருடம் இங்கேயே இருக்கப் போகிறேன் என்றாள். ஒரே இடத்தில் ஒரு வருடம் என்ன செய்வாய் என்று மிலோ கேட்டார். கிண்டல் இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

தானியக் கிடங்கில் எடை போடும் கஸ் லிண்ட்க்விஸ்ட் அவளுக்கு வேலை கொடுத்தார். முதல் வாரத்திலேயே ஊர் அவளைத் திரும்பிப் பார்த்தது. மற்றப் பிள்ளைகளின் வானத்துக்கு ஓர் ஊர் இருந்தது. ரெட்டாவின் வானமோ ஓர் இடத்தில் நிற்கவில்லை. மிலோவின் இயந்திரங்கள் எங்கே இருந்தனவோ அந்த ஊர் வானம் அவள் தலைக்கு மேல் இருந்தது. செப்டம்பரில் மொன்டானாவின் வறண்ட குளிர், அக்டோபரில் டகோட்டாவின் காற்று. டிசம்பரில் ஊரே பனிப்புயலில் கண் தெரியாமல் தட்டுத் தடுமாறியபோது ரெட்டா டெக்சாஸ் வெயிலில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

“ஏம்மா ரெட்டா, உங்கப்பன் டெக்சாஸ விட்டுக் கிளம்பிடலையே? கொஞ்சம் இப்படி வந்து நில்லும்மா, பூட்டு உறைஞ்சு கிடக்கு” என்று கஸ் தினமும் காலையில் கூப்பிடுவார். அவள் போய் நிற்பாள், பூட்டு இளகும், கிடங்கு திறக்கும். மே மாதம் அவள் தோளில் கோதுமைத் தூசி படிய ஆரம்பித்ததும் அறுப்பு தொடங்கிவிட்டது என்று தானிய வியாபாரிகள் விலை பேசினார்கள். ஜூனில் ஒரு நாள் ரொட்டிக் கடை வாசலில் அவள் மேல் மட்டும் ஆலங்கட்டி விழுந்தது. ஓக்லஹோமாவில் அப்பாவின் ஒரு வார வேலை போய்விட்டது என்று, அவர் தொலைபேசியில் சொல்வதற்கு முன்பே அவள் அழுதாள்.

ஆனால் அந்த வருடம் அவளைப்போலச் சந்தோஷமாக இருந்த ஆள் ஹாஸ்கினில் இல்லை. கல்லூரிக்கு எதிரே ஓர் எல்ம் மரம் உண்டு. குழந்தையிலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும் அறுப்புக்கு வந்தபோது அதைப் பார்த்திருக்கிறாள், எப்போதும் பச்சையாக. அதன் இலை மஞ்சளாகும் என்று கேள்விப்பட்டதோடு சரி. இந்த வருடம் அது மஞ்சளானது, கொட்டியது, எலும்பாக நின்றது, சிவந்த மொட்டு விட்டது. ஒவ்வொன்றையும் அவள் அம்மாவுக்குத் தொலைபேசியில் செய்தியாகச் சொன்னாள். மரத்துக்குக் காய்ச்சலா என்ற அளவுக்குக் கோரின் விசாரிப்பார். அடுத்த வருடமும் இதே மரம் இதையே செய்யும், நான் பார்ப்பேன் என்று ரெட்டா கஸ்ஸிடம் சொல்லிச் சொல்லி அவர் காது புளித்தது. இனி இங்கேதான் என்ற எண்ணத்துக்கு இதைவிடச் சாட்சி என்ன வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

வசந்த காலத்தில் ஓப்பல் அவளைக் கூப்பிட்டுச் சங்கடத்தோடு விஷயத்தைச் சொன்னார். கல்லூரி விதியில் இன்னொரு வரி இருந்தது. படிப்பு முடியாத பிள்ளையும் பெற்றோரும் ஒரே வானத்தின் கீழே இருந்தால், பிள்ளை தானே சம்பாதித்தாலும், பெற்றோரைச் சேர்ந்ததுதான். பெற்றோரின் இருப்பிடம் எதுவோ அதுவே பிள்ளையின் இருப்பிடம்.

“உன் எண்ணத்துல குறை இல்லம்மா. உன் வானம் உன்னுது இல்ல, அதான் சிக்கல். அது உங்கப்பாவோடது. அவருக்கு ஒரு ஊர் இல்ல.”

ரெட்டா இதை வீட்டில் சொல்லவில்லை. கஸ் சொல்லிவிட்டார். ஜூலையில் மிலோவின் வண்டிகள் வரிசையாக ஹாஸ்கினுக்குள் நுழைந்தபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் வந்த நிமிடத்திலிருந்து ரெட்டாவின் தலைக்கு மேல் இருந்ததும் ஊர் வானமும் ஒன்றாகிவிட்டன, தையல் தெரியவில்லை. அறுப்பு முடிந்தது. மற்ற அறுப்புக்காரர்கள் வடக்கே கிளம்பினார்கள். மிலோ தன் இயந்திரங்களைச் சந்தைத் திடலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, பெல்ட் அறுந்துவிட்டது, ஆர்டர் கொடுத்திருக்கிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். பெல்ட் புத்தம் புதிதாக இருந்தது, எல்லாரும் பார்த்தோம். அறுப்புக்காரர்கள் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். இயந்திரம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் அவர்களுக்கு வீடு. ஆகஸ்ட் முதல் வெள்ளி வரை இயந்திரம் இங்கே நின்றால் மகளும் இந்த ஊர்க்காரி ஆகிவிடுவாள் என்று மிலோ நம்பினார். மொன்டானாவில் ஃபெர்கஸ் ட்வைட் என்பவரின் கோதுமை பழுத்து முடிந்து, மணி உதிர ஆரம்பித்திருந்தது. ஒரு பலத்த காற்று போதும், வயலில் வைக்கோல்தான் மிஞ்சும். பழுத்த கோதுமையைக் காக்கவைத்தார் என்ற பேரை மிலோ அதுவரை வாங்கியதில்லை. ட்வைட் நாளுக்கு நாள் கெட்ட வார்த்தையைக் கூட்டிக்கொண்டே தொலைபேசியில் கூப்பிட்டார். மிலோ வண்டிப் படியில் உட்கார்ந்து வடக்கே பார்த்தபடி கோதுமை மணியை மென்றுகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை படிக்கட்டைச் சுற்றி ஊரே நின்றது. ரெட்டாவின் முறை வந்தபோது ஓப்பல் குடையையும் கண்ணாடியையும் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். மேலே சுத்தமான நீலம், சுற்றிலும் அதே நீலம். பின்வரிசையில் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

“உங்கப்பாவோட மெஷினெல்லாம் இப்ப எங்க நிக்குது?” என்று ஓப்பல் கேட்டார்.

எங்கேயோ என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் பாதிப் பேர் அவளுக்காகப் பொய் சொல்லத் தயாராக இருந்தோம். ரெட்டா, சந்தைத் திடலுக்குப் பின்னால் என்றாள். கைதட்டல் நின்றது. அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

“அப்பா, கிளம்புங்க. ட்வைட்டோட கோதுமை கொட்டுது.”

“கொட்டட்டும். நான் போனா உன் வானமும் கூடவே வந்துரும், தெரியுமில்ல?”

“வந்தா வரட்டும். நீங்க காவல் நின்னு எனக்கு ஊர் கிடைக்க வேணாம். நான் எங்கயும் வரல. இங்கதான் இருப்பேன்.”

மிலோ தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார், திடலை நோக்கி நடந்தார். கோரின் மகளின் கையில் ஒரு பொட்டலம் ரொட்டியைத் திணித்துவிட்டு அவர் பின்னால் ஓடினார். அரைமணி நேரத்தில் இயந்திரங்கள் வடக்கு மேட்டில் ஏறி மறைந்தன. கட்டணம் கட்டக் கடைசி நாள் அடுத்த வெள்ளி, அதுவரை தீர்ப்பு இல்லை என்று ஓப்பல் அறிவித்தார்.

அந்த வாரத்தை ஹாஸ்கினில் இருந்தவர்கள் மறக்க முடியாது. நெப்ராஸ்காவிலிருந்து மொன்டானா வரைக்கும் ஒரே நீல வானம், ஒரு மேகம் கிடையாது. ரெட்டாவின் தலைமேல் இருப்பது எந்த ஊர் நீலம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் தொலைநோக்கி கொண்டுவந்து பார்த்தார். பள்ளி ஆசிரியர் அவள் நிழலை அளந்தார். அவள் வேலைக்குப் போகும்போது பத்திருபது பேர் கழுத்தை மேலே நீட்டியபடி பின்னால் போய் விளக்குக் கம்பத்தில் மோதிக்கொண்டார்கள். பந்தயத்தில் ஒருவர் தன் பன்றிகளை வைத்தார். கஸ் மட்டும், புள்ளைய சாப்பிட விடுங்கடா என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பிளாட் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கறுத்தது. தேவாலய மணியை யாரோ அடித்தார்கள், ஏன் என்று கேட்காமலே எல்லாரும் கல்லூரிக்கு ஓடினோம். ரெட்டா ஏற்கெனவே படிக்கட்டில் நின்றிருந்தாள். மழை ஆற்றைத் தாண்டியது, ரயில் பாதையைத் தாண்டியது, கிடங்குத் தகரத்தில் சடசடவென்று விழுந்தது. தெருவில் அது நெருங்கி வருவதைக் கோடு போட்டதுபோலப் பார்க்க முடிந்தது. எல்ம் மரம் நனைந்தது. முதல் படி நனைந்தது. பிறகு ரெட்டா நனைந்தாள். தலை, தோள், செருப்பு, எல்லாம் நனைந்தன. அப்பா ஊரில் இல்லாதபோது ஹாஸ்கின் மழை அவள் மேல் விழுந்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் போட்ட கூச்சலில் ஓப்பல் சொன்னது காதில் விழக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் கேட்டது நியாயம்தான். மொன்டானாவிலும் இதே நேரத்தில் மழை பெய்யலாம் அல்லவா?

விசாரிக்கலாம் என்று எல்லாரும் அலுவலகத்துக்குள் நெரித்துக்கொண்டு நுழையும்போதே தொலைபேசி அடித்தது. கிடங்கில் யாரும் எடுக்காததால் மிலோ அடுத்துக் கல்லூரிக்குக் கூப்பிட்டிருந்தார். ட்வைட்டின் சமையலறையிலிருந்து பேசினார். ட்வைட்டின் மனைவி தரையெல்லாம் தண்ணீர் என்று திட்டுவது இந்தப் பக்கம் வரை கேட்டது. ரெட்டா சொட்டச் சொட்ட நின்று காதில் வைத்துக்கொண்டாள். ஓப்பல் தன் காதையும் பக்கத்தில் வைத்தார்.

“ரெட்டா, நாலு பக்கமும் வெயில் கொளுத்துது. எம்மேலயும் உங்கம்மா மேலயும் மட்டும் கொட்டு கொட்டுனு கொட்டுது. வேலிக்கு அந்தாண்ட ட்வைட் காஞ்ச சட்டையோட நின்னு சிரிக்கிறான். அங்க மழையா?”

“ஆமாப்பா. இப்பதான் ஆரம்பிச்சுது.”

தொலைபேசியில் மழைச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கத்து மழை என்று சொல்ல முடியவில்லை.

“சரி. அப்ப இது உன்னோடதுதான்” என்றார் மிலோ. “ஆளுங்க அறுக்கட்டும். நான் தள்ளி நின்னுக்கறேன்.”

ஓப்பல் விதிப் புத்தகத்தைத் திறந்து, ஊரார் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்திருக்க, அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பெற்றோரின் இருப்பிடமே பிள்ளையின் இருப்பிடம். பெற்றோர் நிற்பது மொன்டானா, ஆனால் அவர்கள் தலைமேல் இருப்பது ஹாஸ்கின். ஆகவே மிலோவும் கோரினும் ஹாஸ்கின்காரர்கள். ஆகவே அவர்களின் மகளும் ஹாஸ்கின்காரிதான். பிள்ளையின் வானம் பெற்றோருக்குப் போகக் கூடாது என்று புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அவர் ஒரு பங்கு என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து மை கொஞ்சம் பரவியது, அதை ஒற்றி எடுத்தார். பன்றிகளை வைத்தவர் ஜெயித்தார்.

ரெட்டா நிலத்தடி நீர் படித்து முடித்து, இப்போது மாவட்டத்துக் கிணறுகளை அளக்கிறாள். வானம் பார்க்கும் நாள் இன்றும் நடக்கிறது, ஓப்பலுக்குப் பிறகு வந்தவரும் குடையோடுதான் வருகிறார். மிலோவும் கோரினும் வழக்கம்போல டெக்சாஸிலிருந்து மொன்டானாவுக்கு ஹாஸ்கின் வானத்தின் கீழே போய் வருகிறார்கள். பிப்ரவரியில் டெக்சாஸ் வெயிலில் மிலோ தன் சக்கர வீட்டு வாசலில் பனி வாருவார், அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அதை உருட்டி விளையாடும். தூர ஊர் விவசாயிகள் அவரை வேலைக்குக் கூப்பிடுமுன் ஹாஸ்கின் வானிலையைக் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு தடவை ஹாஸ்கின் நீதிமன்றம் அவரை ஜூரியாக அழைத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் ஊர் தன்னைக் கூப்பிடுகிறது என்று ஓக்லஹோமாவில் அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். ஒரு கோழித் திருட்டு வழக்கு, மூன்று நாளும் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோரின் துணி துவைக்கிற நாளில் மட்டும் காலையிலேயே மகளைக் கூப்பிடுவார். ரெட்டா ஜன்னலைத் திறந்து, எல்ம் மரத்துக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, காயப்போடலாம்மா என்று சொல்வாள்.